கண்ணீரால் மீண்ட அறிஞர்

பொருளியல் பயின்றோருக்கு ஜான் ஸ்டூவர்ட் மில்லின் பெயர் புதிதன்று. 1848-இல் அவர் வெளியிட்ட அரசியல் பொருளாதார நூல் நெடுங்காலம் இங்கிலாந்தில் பாடநூலாக விளங்கியது. கூலி, வாடகை, இலாபம் பற்றிய அவருடைய கருத்துகளைக் கல்லூரியில் பல ஆண்டுகள் நானும் விளக்கியிருக்கிறேன். ஆனால், ஓய்வுபெற்ற பின்னர் நான் அடிக்கடி எடுத்துப் படிப்பது, அவர் மறைந்த 1873-ஆம் ஆண்டில் வெளிவந்த தன்வரலாற்றைத்தான். மனம் தளரலாகாது என்று வளர்க்கப்பட்ட ஓர் ஆண்மகன், தான் தளர்ந்ததையும் மீண்டதையும் மறைக்காமல் எழுதிவைத்த நூல் அது.

மில் 1806-இல் லண்டனில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் மில், ஸ்காட்லாந்தில் செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்து, தம் அறிவாலும் உழைப்பாலும் உயர்ந்தவர். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமல் பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாற்றை எழுதியவர் என்பதால் நமக்கும் அறிமுகமானவர். அந்த நூலை அவர் எழுதிய மேசையிலேயே சிறுவன் ஜான் அமர்ந்து கிரேக்கம் கற்றான். தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் தந்தையிடமே பொருள் கேட்டான். எழுதுவதை நிறுத்தி அவர் விடை சொன்னார். பிள்ளைக்காகத் தம் நேரத்தை இவ்வளவு ஈந்த தந்தையர் எக்காலத்திலும் அரியவர்.

மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் இலத்தீன், பதின்மூன்று வயதில் ரிக்கார்டோவின் பொருளியல் என்று கல்வி வளர்ந்தது. விடுமுறை இல்லை, ஒத்த வயதுத் தோழர்கள் இல்லை. தம்பி, தங்கையருக்குப் பாடம் கற்பிக்கும் பொறுப்பும் அவன் தலையில் விழுந்தது. உணர்ச்சியை வெளிக்காட்டுவது ஜேம்ஸுக்கு உவப்பானதன்று. அன்பு இல்லாதவர் அல்லர் அவர். அன்பைக் காட்டக் கூசியவர். உணர்ச்சியை அடக்குவதே ஆண்மைக்கு அழகு என்று அன்றைய ஆங்கிலச் சமூகமும் கருதியது.

1823-இல், பதினேழு வயதில், தந்தை பணியாற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்திலேயே மில் எழுத்தராகச் சேர்ந்தார். அலுவல் நேரம் போக, தந்தையின் நண்பர் பெந்தமின் சட்ட நூலைப் பதிப்பிக்கும் கடும் பணியையும் மேற்கொண்டார். உலகைச் சீர்திருத்துவதே வாழ்வின் இலக்கு என்று நம்பியிருந்தார்.

1826-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அந்த நம்பிக்கை சரிந்தது. தாம் விரும்பிய சீர்திருத்தங்கள் யாவும் இக்கணமே நிறைவேறினால் மகிழ்ச்சி கிட்டுமா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். இல்லை என்றே உள்ளம் விடை தந்தது. அப்போது அவருக்கு வயது இருபது. உறக்கம் அத்துயரைப் போக்கவில்லை. விரும்பிப் படித்த நூல்களும் ஆறுதல் தரவில்லை. இப்படியே எத்தனை காலம் உயிர் வாழ முடியும் என்ற எண்ணமும் எழுந்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் தம் வேலையை வழக்கம்போலச் செய்தார் என்பதுதான் நம் சிந்தனைக்குரியது. அலுவலகம் சென்றார், எழுதினார், விவாதக் கழகத்தில் உரையாற்றினார். அவர் உள்ளத்தில் நிகழ்ந்ததை அருகிலிருந்தோர் அறியவில்லை. இயல்பாக நாடியிருக்க வேண்டியவர் தந்தை. ஆனால், இத்துயருக்கு உதவி கேட்கத் தகுந்தவர்களில் கடைசியாகவே தந்தையை அவர் கருதினார். தம் கல்விமுறை தோற்றுவிட்டது என்னும் வேதனையைத் தந்தைக்குத் தருவானேன் என்றும் எண்ணினார். குடும்பத்தார் வருந்தக் கூடாது என்று வாய்மூடி இருக்கும் ஆண்கள் இன்றும் சொல்லும் காரணம் இதுவே.

பல மாதங்களுக்குப் பின், பிரெஞ்சு எழுத்தாளர் மார்மோந்தெலின் நினைவுக் குறிப்புகளை அவர் தற்செயலாகப் படித்தார். தந்தையை இழந்த குடும்பத்துக்கு இனி எல்லாமாகத் தானே இருப்பேன் என்று ஒரு சிறுவன் உறுதிகொள்ளும் இடத்தில் மில் அழுதார். அக்கணம் முதல் பாரம் குறையலாயிற்று. தமக்குள் உணர்ச்சி செத்துவிடவில்லை என்று அவர் அறிந்துகொண்டது அப்போதுதான். அந்தச் சிறுவன் ஏற்றதும் ஆண்பிள்ளைக்குரியதாக மரபு வகுத்த கடமையே. ஆகவே, கடமையுணர்வு மில்லை வீழ்த்தவில்லை. ஈரமற்ற கடமையே வீழ்த்தியது என்று நான் கருதுகிறேன்.

1828-இல் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் அவருக்கு மருந்தாயின. ஆராயும் அறிவை அவர் கைவிடவில்லை. அதற்கு இணையாக உணர்ச்சியையும் பேண வேண்டும் என்று தெளிந்தார். ஆயினும் பழைய வளர்ப்பு முற்றிலும் நீங்கிவிடவில்லை. 1836-இல் தந்தை மறைந்த காலத்தில் உடல் நலிவுற்றார். அப்போது தோன்றிய கண் துடிப்பு இறுதிவரை நீடித்தது. வாய் சொல்லாததை உடல் சொல்லியதோ என்று நான் எண்ணுவதுண்டு. 1869-இல் பெண்ணடிமையைக் கண்டித்து எழுதிய நூலில், பெண்ணைவிடத் தான் மேலானவன் என்று கற்று வளரும் சிறுவனின் குணமும் கெடுகிறது என வாதிட்டார்.

இந்தியாவில் தற்கொலை செய்துகொள்வோரில் பத்தில் ஏழு பேர் ஆண்கள் என்பதைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. கடன், நோய், வேலையின்மை, குடும்பப் பூசல் எனக் காரணங்கள் பல. எனினும், துயரைச் சொல்வது இழிவு என்ற எண்ணம் இவை ஒவ்வொன்றையும் கடுமையாக்குகிறது. டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை அரசு அறிவித்திருப்பது நல்ல ஏற்பாடு. ஆனால், எந்தச் சேவையும் இருப்பதால் மட்டும் பயன் தராது. அதை நாடுவோர் வேண்டும். ஆண்பிள்ளை அழலாமா என்று ஐந்து வயதில் கேட்டு அடக்கப்பட்டவன், ஐம்பது வயதில் அந்த எண்ணை அழைக்கத் தயங்குவான்.

மில்லின் தந்தை தம் மகனுக்கு ஏறத்தாழ எல்லாவற்றையும் கற்பித்தார். துன்பம் வந்தால் என்னிடம் வா என்ற ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டார். பிள்ளைகளுக்கு நாம் அதைச் சொல்லியிருக்கிறோமா என்று தந்தையர் இன்றே எண்ணிப் பார்ப்பது நலம்.