வெறுங்காலில் ஸ்காட்லாந்து வரை

நம்ம காட்டூரில் என்னை மாதிரி பூட்ஸ் இல்லாமல் பந்து ஆடுறவங்களுக்காக இதை எழுதுகிறேன்.

முகமது சலீம் 1904-ல் கல்கத்தாவில் பிறந்தார். முகமதன் ஸ்போர்ட்டிங் அணியின் நட்சத்திர வீரர். அந்த அணி 1934 முதல் 1938 வரை 5 முறை தொடர்ந்து கல்கத்தா லீக்கை வென்றது.

1936-ல் உறவினர் ஒருவர் அவரை ஸ்காட்லாந்துக்குக் கூட்டிப் போனார். அங்கே செல்டிக் கிளப் பெரிய கிளப். சலீமுக்கு பூட்ஸ் பழக்கமில்லை. காலில் துணிக்கட்டுடன் இறங்கினார். கால்ஸ்டன் என்ற சின்ன ஊர் அணியை செல்டிக் 7-1 என வென்றது. பத்திரிகைகள் சலீமைப் புகழ்ந்தன. இந்தியாவிலிருந்து போய் ஐரோப்பிய கிளப்புக்கு ஆடிய முதல் வீரர் இவரே! ஊர் ஏக்கம் வந்ததால் திரும்பிவிட்டார். 1980-ல் காலமானார்.

பூட்ஸ் இல்லைன்னு ஓரமா நிக்காதீங்க. தைரியமா ஆட வாங்க!

– 8-ஆம் வகுப்பு மாணவன்