எல்லாப்பிரகடா சுப்பாராவ்

எல்லாப்பிரகடா சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 - ஆகஸ்ட் 1948) இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் ஆவார்.

வாழ்க்கைக் குறிப்பு

அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் தெலுங்குக் குடும்பமொன்றில் பிறந்தார். மூன்றாம் முயற்சியிலேயே மெட்ரிக்குலேசன் தேர்வில் தேறினார். சகோதரர் ஒருவரை ஸ்புரூ என்னும் குடல் நோய்க்கு இழந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது கதராடை அணிந்தமையால் ஆசிரியரின் அதிருப்திக்கு ஆளானதாகவும், அதனாலேயே எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாகக் குறைந்த தகுதியான எல்.எம்.எஸ். வழங்கப்பட்டதாகவும் கூறப்படுகிறது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் கற்பித்த பின்னர் பாஸ்டன் சென்றார்.

ஆய்வுகள்

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் இணைந்து பாஸ்பரசை அளவிடும் முறையை 1925 இல் வெளியிட்டார். நிறமாற்றத்தைக் கொண்டு அளவிடும் இம்முறையின் திருத்திய வடிவங்கள், குருதியிலுள்ள பாஸ்போகொழுப்புகளை அளவிடவும் பயன்பட்டன. தசையில் பாஸ்போகிரியேட்டினையும், உயிரணுக்களின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யையும் (1929) இருவரும் கண்டறிந்தனர். ஏ.டி.பி.யை ஜெர்மனியில் கார்ல் லோமானும் அதே ஆண்டில் தனியே கண்டறிந்தார். இத்தனைக்கும் பிறகும் ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிரந்தரப் பணி கிடைக்கவில்லை.

1940 இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். அவரது குழு 1945 இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரரைப் பலிகொண்ட ஸ்புரூ நோய்க்கு அது மருந்தாயிற்று. ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினோப்டெரினும் மெத்தோடிரெக்சேட்டும் அங்கேயே உருவாயின. பெருகும் உயிரணு டி.என்.ஏ. ஆக்குவதற்கு ஃபோலேட்டு தேவை. அது தடைப்பட்டால் பெருக்கம் நிற்கும். குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு சிட்னி ஃபார்பர் அமினோப்டெரினை அளித்துப் பெற்ற முடிவுகள் 1948 ஜூனில் வெளியாயின. இரு மாதங்களில், தம் 53 ஆம் அகவையில், சுப்பாராவ் மாரடைப்பால் காலமானார்.

பிற்காலப் பயன்பாடு

குறைந்த அளவு மெத்தோடிரெக்சேட்டு நோயெதிர்ப்பு உயிரணுக்களின் அழற்சியைத் தணிப்பதால் முடக்குவாதத்துக்குத் தரப்படுகிறது. குருதியில் கொழுப்பு மிகும்போது தமனிச் சுவரிலுள்ள பெருவிழுங்கிகள் கொலஸ்டிராலை விழுங்கி நுரை உயிரணுக்களாக மாறி அழற்சியைத் தூண்டுகின்றன. எனவே இம்மருந்து மாரடைப்பையும் குறைக்குமா என 4,786 இதய நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 2018 இல் வெளியான முடிவின்படி, அது குறைக்கவில்லை. குருதியில் அழற்சிக் குறியீடுகளும் தணியவில்லை. அழற்சியைத் தடுக்கும் வேறு மருந்தான கனகினுமாப் ஓரளவு பயன் தந்ததால், தவறு கருத்தில் அன்று, தேர்ந்த மருந்திலேயே எனக் கொள்ளலாம்.

1995 இல் இந்திய அஞ்சல் துறை இவரது நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.