காளையும் ரொட்டியும்: ஒரு செய்தித்தாளுக்கு எடுக்கும் திருநாள்

கரீபியக் கடலில் அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட வெர்ஜின் தீவுகளில் நவம்பர் 1 அரசு விடுமுறை நாள். செயின்ட் குராய் தீவின் நடுப்பகுதியில் உள்ள குரோவ் பிளேஸ் என்னும் ஊரில் அன்று மக்கள் திரள்வர். மாட்டிறைச்சியும் ரொட்டியும் வந்தோர் அனைவருக்கும் விலையின்றி வழங்கப்படும். காளையும் ரொட்டியும் நாள் என்றே ஊரார் அதனை அழைக்கின்றனர். போர் வெற்றிக்கோ மன்னர் பிறந்தநாளுக்கோ எடுக்கும் விழா அன்று இது. 1915இல் அந்நாளில் ஒரு செய்தித்தாளின் முதல் இதழ் வெளிவந்தது. அதன் பொருட்டே இந்த விடுமுறை. அரசு ஆவணங்களில் அந்நாளுக்கு இதழை நடத்தியவரின் பெயரே வழங்குகிறது: டேவிட் ஹாமில்டன் ஜாக்சன்.

1884 செப்டம்பர் 28 அன்று செயின்ட் குராயில் ஜாக்சன் பிறந்தபோது தீவு டென்மார்க்கின் காலனியாக இருந்தது. 1848 ஜூலை 3இல் அடிமைப்பட்டோர் பிரெடரிக்ஸ்டெட் நகரில் திரண்டெழுந்து விடுதலையைப் பெற்றிருந்தனர். ஆயினும் மறு ஆண்டே வந்த தொழிற்சட்டம் அவர்களை ஆண்டு ஒப்பந்தத்தால் கரும்புத் தோட்டங்களோடு மீண்டும் பிணைத்தது. தோட்டம் மாற ஆண்டில் ஒரு முறையே வாய்ப்பு. அந்நாள் அக்டோபர் 1. அதே நாளில், 1878இல், மேரி தாமஸ் முதலிய பெண்களின் தலைமையில் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தனர். தோட்டங்களும் பிரெடரிக்ஸ்டெட் நகரின் பெரும்பகுதியும் எரிந்தன. ஜாக்சன் பிறந்தது அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின்.

ஆசிரியர் குடும்பத்தில் பிறந்த அவர் தாமும் ஆசிரியரானார். பின்னர்க் கணக்கராகவும் எழுத்தராகவும் பணிபுரிந்தார். தொழிலாளர் படும் துயரை எழுத விரும்பியபோது எதிரே நின்றது 1779ஆம் ஆண்டுச் சட்டம். அது அரசின் பிடிக்கு வெளியே சுதந்திரமாக எவரும் இதழ் நடத்துவதைத் தடுத்தது. சொத்தும் வருமானமும் உள்ள சிலருக்கே வாக்குரிமை. அச்சகமும் அவர்கள் பக்கமே. அடியும் பட்டினியும் செய்தியாவதில்லை என்றால், அவை நடந்ததற்கே சான்றில்லாமற் போகும். இதழ்ப்பணியில் இருக்கும் நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

1915இல் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்தளித்த காசில் ஜாக்சன் கடல் கடந்து டென்மார்க் சென்றார். தீவின் நிலையை அங்கு எடுத்துரைத்து, அந்தப் பழைய தடையை நீக்க வைத்துத் திரும்பினார். வந்த கையோடு தொடங்கியதே ஹெரால்ட் இதழ். ஊர் கூடி உண்டு மகிழ்ந்தது. நாட்கூலிக்கு வாழ்ந்தோர்க்குச் சோளமாவும் உப்பிட்ட மீனுமே நெடுங்கால உணவு என்பதை எண்ணினால், அந்த விருந்தின் அருமை விளங்கும்.

இதழோடு சங்கமும் எழுந்தது. ஜாக்சனும் அவர்தம் தோழர்களும் தோட்டத் தொழிலாளரை ஒன்றுதிரட்டினர். 1916இல் கரும்பு வெட்டும் பருவத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. தோட்ட உரிமையாளர்கள் கூலியை உயர்த்த நேர்ந்தது. தீவின் வரலாற்றில் இதழும் சங்கமும் ஒன்றையொன்று தாங்கி நின்ற காலம் அது.

அடுத்த திருப்பத்தில் அவர் கணிப்பு முழுவதும் பலிக்கவில்லை என்பதே நம் கருத்து. தீவுகளை அமெரிக்காவிடம் ஒப்படைப்பதை ஜாக்சன் ஆதரித்தார். விலை 250 இலட்சம் டாலர். டென்மார்க் மக்கள் 1916 டிசம்பரில் இது குறித்து வாக்களித்தனர். தீவு மக்களுக்கு அதில் இடமில்லை. 1917 மார்ச் 31 அன்று கொடி மாறியது. வந்ததோ கடற்படை ஆட்சி. அது 1931 வரை நீடித்தது. குடியுரிமைச் சட்டம் 1927இல்தான் வந்தது. சொத்தில்லாதோர்க்கும் வாக்களிக்கும் உரிமை 1936 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இனப்பாகுபாட்டைச் சட்டமாகவே வைத்திருந்த ஒரு நாட்டிடம் அவர் நீதியை எதிர்பார்த்தது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் டென்மார்க்கின் ஆட்சியில் அவர் கண்டதை நாம் காணவில்லை.

அவர் சோர்ந்து அமரவுமில்லை. வாஷிங்டனில் கறுப்பினத்தவர்க்கெனத் தோன்றிய ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றார். தீவின் மன்றத்தில் உறுப்பினராக இருந்தார், பின்னர் நீதிபதியுமானார். 1946 மே 30 அன்று மறைந்தார். குரோவ் பிளேஸில் இன்று அவர் பெயரைத் தாங்கிய பூங்காவில்தான் நவம்பர் 1 அன்று இறைச்சியும் ரொட்டியும் பங்கிடப்படுகின்றன.