கோஷா ஆஸ்பத்திரி தந்த மேரி அம்மையார்

தூத்துக்குடிக்கு வடக்கே, கடலோரத்தில் இருக்கிறது தருவைகுளம். முத்துக்குளிப்புக்குப் பேர்போன கடற்கரை அது. சிப்பியைப் பிளந்தால்தான் உள்ளே முத்து உண்டா, இல்லையா என்று தெரியும்.

ஒரு காலத்தில் பெண்களின் வயிற்றில் வரும் கட்டியும் அப்படித்தான் இருந்தது. வயிற்றைத் திறந்தால்தான் விஷயம் தெரியும். திறந்தால் உயிர் தங்குமா என்பதோ சந்தேகம்!

அந்தப் பயத்தைப் போக்கப் பாடுபட்டவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப் அம்மையார். அவர் வெள்ளைக்காரப் பெண்மணி. ஆனால், டாக்டர் படிப்பை அவர் தொடங்கியது நம் சென்னையில்.

சென்னைக்கு வந்தார்

மேரி 1845ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். வில்லியம் ஷார்லீப் என்ற வக்கீலை 1865ல் மணந்தார். கணவருக்குச் சென்னையில் தொழில். அடுத்த ஆண்டு மேரியும் சென்னைக்கு வந்து சேர்ந்தார். 3 குழந்தைகளுக்குத் தாயானார்.

அந்நாளில் கோஷா முறையைக் கைக்கொண்ட குடும்பத்துப் பெண்கள் அந்நிய ஆடவர் முன் வர மாட்டார்கள். டாக்டர்களோ எல்லாரும் ஆண்கள். பிரசவத்தில் சிக்கல் வந்தாலும், வயிற்றில் கட்டி வளர்ந்தாலும், வெளியே சொல்லாமல் தாங்கிக்கொள்வார்கள். பலர் அப்படியே உயிரை விட்டார்கள்.

இதைக் கேட்ட மேரியின் மனம் பதைத்தது. பெண்ணுக்குப் பெண்ணே டாக்டராக வேண்டும் என்று முடிவு செய்தார்.

முதலில் பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலை பழகினார். 1875ல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்தது. அப்போது சேர்ந்த 4 பெண்களில் மேரியும் ஒருவர். குடும்பத்தைக் கவனித்தபடியே படித்து, 1878ல் தேறினார்.

அதோடு அவர் நிற்கவில்லை. லண்டனுக்குப் போய் மேலும் படித்தார். 1882ல் பட்டமும், பிரசவ வைத்தியத்தில் தங்கப் பதக்கமும் பெற்றார். வியன்னா நகரிலும் பயிற்சி பெற்றார். விக்டோரியா மகாராணியைக் கண்டு, இந்தியப் பெண்களின் துயரத்தை எடுத்துச் சொன்னார்.

1883ல் சென்னை திரும்பினார். 1885ல் பெண்களுக்காகவே ஓர் ஆஸ்பத்திரி உண்டாயிற்று. நோயாளிகளும் பெண்கள், டாக்டரும் பெண்! அதுதான் சென்னை மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைக்கும் ஆஸ்பத்திரி. திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தியின் பெயரில் அது இன்றும் நடந்து வருகிறது.

கத்தி எடுத்த கை

சென்னை வெயில் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1887ல் லண்டனுக்குத் திரும்பினார். அங்கே எலிசபெத் காரெட் ஆண்டர்சன் என்ற பெண் டாக்டர், பெண்களே நடத்தும் ஆஸ்பத்திரி ஒன்றை வைத்திருந்தார். மேரி அதில் ஆபரேஷன் செய்யும் டாக்டரானார். வயிற்றைத் திறந்து சினைப்பைக் கட்டியை அகற்றுவதில் பெயர் பெற்றார்.

சினைப்பை என்பது என்ன? கருப்பையின் இரு பக்கமும் இருக்கும் சிறு உறுப்பு. கருமுட்டை அதில்தான் உண்டாகிறது. சில சமயம் அதில் நீர் கோத்துக் கட்டியாகிவிடும்.

இந்தக் கட்டிக்கான ஆபரேஷன் பிறந்தது அமெரிக்காவில். 1809ம் ஆண்டு, ஜேன் கிராஃபோர்டு என்ற பெண்ணின் வயிறு வீங்கிக்கொண்டே போயிற்று. மக்டோவல் என்ற டாக்டர், இது கர்ப்பம் அல்ல, கட்டி என்று கண்டுபிடித்தார். ஆபரேஷனில் உயிர் போனாலும் போகலாம் என்பதை மறைக்காமல் சொன்னார். யோசித்துப் பார்த்த ஜேன், சம்மதம் என்றாள். மயக்க மருந்து இல்லாத காலம் அது! சுமார் 10 கிலோ எடையுள்ள கட்டி வெளியே வந்தது. அதன்பின் அவள் 32 ஆண்டுகள் உயிரோடு இருந்தாள்.

மேரியின் காலத்தில் மயக்க மருந்து வந்துவிட்டது. கிருமிகளை அழிக்கும் முறையும் வந்துவிட்டது. ஆனாலும் பெண்கள் நாள் கடத்திவிட்டுத்தான் வந்தார்கள். கட்டியைவிடக் கூச்சமே பெரிய எதிரி!

இன்று என்ன செய்வது?

இப்போது வயிற்றைத் திறக்காமலே ஸ்கேன் காட்டிவிடுகிறது. நீர்க்கட்டி என்றதும் நடுங்க வேண்டாம். பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு வரும் கட்டிகளில் பல, சில வாரங்களில் தாமாகவே கரைந்துவிடும். ஆகவே டாக்டர் காத்திருக்கச் சொன்னால், அது அலட்சியம் அல்ல, அதுவும் வைத்தியமே. ஆனால், சொன்ன நாளில் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும்.

கட்டி பெரிதானாலும், கரையாமல் நின்றாலும், வலி தொடர்ந்தாலும், சந்தேகத்துக்கு இடம் தந்தாலும் ஆபரேஷன் தேவைப்படலாம். மாதவிலக்கு நின்றவர்களுக்குக் கட்டி வந்தால் கூடுதல் கவனம் தேவை. திடீரென்று அடிவயிற்றில் கடும் வலியும் வாந்தியும் வந்தால், கட்டியோடு சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இளம்பெண்களுக்கு ஒரு பயம் உண்டு. ஆபரேஷன் செய்தால் பிள்ளை பிறக்காதோ என்பதே அது. பல சமயம் சினைப்பையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுக்க முடியும். ஒரு சினைப்பையையே எடுக்க நேர்ந்தாலும், மற்றது நன்றாக இருந்தால் குழந்தை பிறக்கும். எதை எடுப்பார்கள், எதை விடுவார்கள், காத்திருந்தால் என்ன ஆகும் என்று டாக்டரிடம் முன்னதாகவே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கணவரும் மாமியாரும் கூட இருக்கலாம். ஆனால் சம்மதம் சொல்ல வேண்டியவள், உடம்புக்குரிய அந்தப் பெண்தான்.

1888ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டத்தை மேரி பெற்றார். அதைப் பெற்ற முதல் பெண் அவரே. 1930ல், தமது 85வது வயதில் காலமானார்.

தருவைகுளத்திலிருந்து தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வெகு தூரம் இல்லை. கடல் கடந்து வந்த ஒரு பெண், நம் பெண்களுக்காகப் படித்தாள். அந்த ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற நாம் கூச்சப்படலாமா?