ஓய்வின் பின்னரும் அழைக்கப்பட்ட அட்மிரல்

ஓய்வுபெறும் வயது என்பது நிர்வாக வசதிக்காக வகுக்கப்பட்டதோர் எல்லையாகும். அது அறிவுக்கும் ஆற்றலுக்கும் இடப்பட்ட எல்லை அன்று. அமெரிக்கக் கடற்படையில் சேவையாற்றிய கணினி அறிஞர் கிரேஸ் ஹொப்பரின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாக விளங்குகின்றது.

1906 டிசம்பர் 9ஆம் திகதி நியூயோர்க்கில் பிறந்த ஹொப்பர், 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். வாசர் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்த அவர், இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த 1943இல் கடற்படையின் ஒதுக்குப் படையில் இணைந்தார். தேவையேற்படும் வேளைகளில் சேவைக்கு அழைக்கப்படும் படை அது. உடல் எடை விதித்த அளவிலும் குறைவாக இருந்தமையால், விசேட அனுமதியுடனேயே அவர் சேர்த்துக்கொள்ளப்பட்டார். மறு ஆண்டில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டு, 51 அடி நீளமான மார்க் 1 கணிப்பு இயந்திரத்தை இயக்கும் பணியில் ஈடுபட்டார்.

போர் முடிந்ததும் நிரந்தரக் கடற்படையில் சேர அவர் விரும்பியபோது, வயதைக் காரணங்காட்டி அதிகாரிகள் மறுத்துவிட்டனர். ஆயினும் அவர் ஒதுக்குப் படையிலிருந்து விலகவில்லை. 1949இல் தனியார் துறைக்குச் சென்ற ஹொப்பர், 1952இல் கணினிக்கான முதலாவது தொகுப்பி எனக் கருதப்படும் செய்நிரலை உருவாக்கினார். ஆங்கிலச் சொற்களால் கணினிக்குக் கட்டளையிட முடியும் என்ற அவரது கொள்கையே 1959இல் தோன்றிய கோபோல் மொழிக்கு அடித்தளமாயிற்று.

1966ஆம் ஆண்டின் இறுதியில், 60 வயதில், கொமாண்டர் தரத்துடன் அவர் ஓய்வு பெற்றார். ஆனால், ஏழு மாதங்கள் மட்டுமே கழிந்திருந்த நிலையில் கடற்படை அவரை மீண்டும் அழைத்தது. கடற்படையின் கணினிகளில் கோபோல் மொழி வெவ்வேறு வடிவங்களில் பயன்பட்டு வந்தது. அதனை ஒரே தரத்துக்குக் கொண்டுவருவதே அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பணியாகும். ஆறு மாதங்களுக்கென வந்த அழைப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1971இல் மீண்டும் ஓய்வுபெற்ற அவர், 1972இல் மறுபடியும் அழைக்கப்பட்டார். 1973இல் கப்டனாகவும் 1983இல் கொமடோராகவும் பதவியுயர்வு பெற்ற ஹொப்பர், 1985இல் றியர் அட்மிரலானார். 1986 ஓகஸ்ட் 14ஆம் திகதி, பொஸ்டனில் கொன்ஸ்டிடியூஷன் கப்பலில் நடைபெற்ற வைபவத்தில் இறுதியாக விடைபெற்றபோது அவருக்கு வயது 79. 1992 ஜனவரி முதலாம் திகதி காலமான அவர், ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் இராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார்.

முதியோர் பதவிகளைப் பற்றிக்கொண்டிருந்தால் இளையோருக்கு வழி அடைபடும் என்ற வாதம் நியாயமானதே. எனினும் ஹொப்பர் எந்த ஆசனத்தையும் பற்றிக்கொண்டிருக்கவில்லை. குறித்ததொரு பணிக்காகவே அவர் அழைக்கப்பட்டார். ஒளி ஒரு நனோ செக்கனில் செல்லும் தூரத்தை விளக்க, ஏறத்தாழ ஓரடி நீளக் கம்பித் துண்டுகளைக் கையிற் கொடுத்து இளையோருக்குக் கற்பிப்பதையே அவர் பெரும்பணியாகக் கொண்டிருந்தார்.

செல்வாக்கினால் பெறப்படும் சேவை நீடிப்பு வேறு. தேவை கருதி விடுக்கப்படும் அழைப்பு வேறு. முன்னையது நிறுவனத்தை நலிவுறச் செய்யும். பின்னையது அதனை வளப்படுத்தும். இவ்வேறுபாட்டை உணராத சமூகம், தன் அனுபவசாலிகளை வீட்டுத் திண்ணைக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் அறிந்ததை மீண்டும் ஆரம்பத்திலிருந்தே கற்க வேண்டியிருக்கும்.