தாய் தந்த கண்கள்

நுழையும்முன்

பேசாப்படங்களின் வழியே உலகைச் சிரிக்கவைத்தவர் சார்லி சாப்ளின். அவருடைய இளமைக்காலம் வறுமையில் கழிந்ததைப் பலரும் அறிவர். அவ்வறுமையோடு தாயின் மனநோயும் சேர்ந்து அவரை அலைக்கழித்ததைச் சிலரே அறிவர். ஒரு சிறுவன் அத்துயரை எவ்வாறு தாங்கினான், அத்தாயிடமிருந்து எதைப் பெற்றான் என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மேடையில் உடைந்த குரல்

சார்லஸ் ஸ்பென்சர் சாப்ளின் 1889 ஏப்ரல் 16 அன்று இலண்டனில் பிறந்தார். தந்தை சார்லஸ், தாய் ஹன்னா ஆகிய இருவரும் இசையரங்குப் பாடகர்கள். சார்லி சிறு குழந்தையாக இருந்தபோதே தந்தை குடும்பத்தைப் பிரிந்தார். மிகுகுடியால் 1901இல் மறைந்தார். சார்லியையும் அவனைவிட நான்கு வயது மூத்த சிட்னியையும் வளர்க்கும் பொறுப்பு ஹன்னாவைச் சேர்ந்தது.

ஆல்டர்ஷாட் நகரில், படைவீரர்கள் நிறைந்த அரங்கொன்றில் ஹன்னா பாடிக்கொண்டிருந்தபோது அவருடைய குரல் உடைந்தது. கூட்டம் எள்ளி நகையாடியது. அவர் மேடையைவிட்டு விலக, அரங்கப் பொறுப்பாளர் ஐந்து வயதுச் சார்லியை மேடையேற்றினார். சிறுவன் பாடினான், நாணயங்கள் வந்து விழுந்தன. தாயின் பாடலொன்றைப் பாடியவன், அவர் குரல் உடைந்த விதத்தையும் அறியாமையால் அப்படியே நடித்துக்காட்டினான். அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. மகனின் முதல் மேடையே தாயின் இறுதி மேடையாயிற்று எனச் சாப்ளின் தம் தன்வரலாற்றில் பதிவுசெய்துள்ளார்.

ஏழையர் விடுதியில்

ஹன்னா கூலிக்குத் துணி தைத்துப் பிள்ளைகளைக் காத்தார். கடும் தலைவலி அவரை வாட்டியது. தவணை செலுத்த இயலாமையால் தையல் இயந்திரமும் கைவிட்டுப் போயிற்று. 1896இல் மூவரும் லாம்பெத் ஏழையர் விடுதியை அடைந்தனர். பிழைக்க வழியற்றோருக்கு அன்றைய இங்கிலாந்தில் இருந்த புகலிடம் அது. அங்கு உணவும் உறைவிடமும் கிடைக்கும். குடும்பமாக வாழ இயலாது. தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகள் ஹான்வெல் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். சார்லிக்கு அப்போது வயது ஏழு. அங்கே படர்தாமரை கண்டு அவன் தலை மழிக்கப்பட்டது. காணவந்த தாயின்முன் அவன் வெட்கி நின்றபோது, ஹன்னா சிரித்து அவனை அணைத்துக்கொண்டார்.

1898ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒருநாள், தாம் விடுதியைவிட்டு வெளியேறுவதாக ஹன்னா அறிவித்தார். விதிப்படி பிள்ளைகளும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டனர். மூவரும் கென்னிங்டன் பூங்காவுக்குச் சென்றனர். சிட்னி சேர்த்து வைத்திருந்த ஒன்பது பென்னியில் செர்ரிப் பழம் வாங்கி உண்டனர். செய்தித்தாளைச் சுருட்டிக் கயிற்றால் கட்டிப் பந்தாக்கி விளையாடினர். மாலையில் மீண்டும் விடுதி வாயிலை அடைந்தனர். அலுவலர்கள் சினந்தனர், நுழைவுக்குரிய நடைமுறைகள் அனைத்தையும் மறுபடியும் செய்ய நேர்ந்தது. பிள்ளைகளோடு ஒரு பகற்பொழுதைக் கழிப்பதற்காகவே ஹன்னா அவ்வாறு செய்தார்.

அடுத்த சில வாரங்களில் ஹன்னாவின் மனம் நிலைகுலைந்தது. அவர் கேன்ஹில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பந்து விளையாடிக்கொண்டிருந்த சிட்னியை அழைத்துச் செய்தியைக் கூறினர். அவன் ஆட்டத்தை முடித்த பின்னரே தனியே அழுதான். சார்லியால் அச்செய்தியை நம்ப இயலவில்லை. தாய் வேண்டுமென்றே தங்களைக் கைவிட்டு மனத்தைவிட்டு வெளியேறிவிட்டதாக அந்த ஒன்பது வயது உள்ளம் எண்ணிக் கலங்கியது.

ஒரு கோப்பைத் தேநீர்

ஹன்னா அவ்வாண்டே நலம்பெற்றுத் திரும்பினார். சார்லி சிறுவர் நடனக்குழுவொன்றில் சேர்ந்தான். எனினும் நோய் மீண்டும் வந்தது. 1903ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒருநாள் சார்லி வீடு திரும்பியபோது, தெருவிலிருந்த சிறுவர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டனர். அவன் தாய் வீடுவீடாகச் சென்று, குழந்தைகளுக்குப் பிறந்தநாள் பரிசு என்று கரித்துண்டுகளை வழங்கியதாகக் கூறினர். சிட்னி அப்போது கடற்பயணத்தில் இருந்தான். பதினான்கு வயதுச் சார்லியே தாயைத் தாங்கிப்பிடித்து மருத்துவமனைக்கு நடத்திச்சென்றான். பசியால் தளர்ந்த அவர் தள்ளாடி நடந்ததைக் கண்டவர்கள், குடித்திருப்பதாக எண்ணினர்.

தன்னை மீண்டும் பள்ளிவிடுதிக்கு அனுப்பிவிடுவர் என அஞ்சி, உறவினரிடம் செல்வதாகச் சார்லி மருத்துவரிடம் பொய்யுரைத்தான். வெற்று வீட்டில் தனித்து வாழ்ந்தான். விறகு பிளப்போரோடு சேர்ந்து உழைத்துப் பசியாறினான். சிட்னி திரும்பிய பின்னர் இருவரும் தாயைக் காணச் சென்றனர். அன்று மாலை ஒரு கோப்பைத் தேநீர் தந்திருந்தால் தமக்கு ஒன்றும் நேர்ந்திராது என்றார் ஹன்னா. ஊட்டமின்மையே அவர் மனத்தைச் சிதைத்தது என மருத்துவர் விளக்கினார். ஆயினும் அச்சொல் பல நாள்கள் சார்லியை வருத்தியது. பெற்றோரின் நோய்க்குத் தாமே காரணம் என எண்ணுவது, இத்தகைய பிள்ளைகள் பலர் சுமக்கும் வேண்டாத சுமையாகும்.

சன்னலோரப் பாடம்

அவ்வாண்டிலேயே சார்லிக்கு நாடக வாய்ப்புகள் கிடைத்தன. 1914இல் அமெரிக்கத் திரையில் தோன்றிய அவர், சில ஆண்டுகளிலேயே உலகப்புகழ் பெற்றார். அப்புகழுக்கு ஊன்றுகோலாக நின்றது தாய் கற்பித்த கலையே. நலமாக இருந்த நாள்களில் ஹன்னா சன்னலோரம் அமர்ந்து தெருவில் செல்வோரைக் கவனிப்பார். ஒருவரின் நடை, முகக்குறிப்பு, காலணி ஆகியவற்றைக் கொண்டே அவர் எங்கிருந்து வருகிறார், என்ன மனநிலையில் இருக்கிறார் என ஊகித்து நடித்துக்காட்டுவார். மனிதரை உற்றுநோக்கும் கலையை அவரிடமே கற்றதாகச் சாப்ளின் கூறியுள்ளார்.

1921இல் வெளிவந்த அவருடைய 'தி கிட்' என்னும் படத்தில், குழந்தையை அநாதை இல்லத்திற்குக் கொண்டுசெல்ல அலுவலர்கள் வருகின்றனர். எளிய நாடோடி கூரைகளின்மீது ஓடிச்சென்று அக்குழந்தையை மீட்கிறான். ஹான்வெல்லுக்கு அனுப்பப்பட்ட சிறுவனை மீட்க அன்று எவரும் வரவில்லை.

அதே ஆண்டில் சாப்ளின் தம் தாயைக் கலிபோர்னியாவுக்கு அழைத்துவந்தார். கடலுக்கு அருகில் வீடும் துணைக்குச் செவிலியரும் அமைத்துத் தந்தார். ஹன்னா முழு நலம் பெறவில்லை. ஆயினும் பசியும் பிரிவும் இன்றி ஏழு ஆண்டுகள் வாழ்ந்து 1928 ஆகஸ்டில் மறைந்தார். நோய் அவரிடமிருந்து பலவற்றைப் பறித்தது. பிள்ளைகளிடம் அவர் கொண்ட அன்பும் மகனுக்குத் தந்த கலையும் அதற்கு எட்டாதிருந்தன. 1977இல் மறைந்த சாப்ளின், தாயை நோயாளியாக மட்டும் நினைவுகூர்ந்ததில்லை. தம் முதல் ஆசிரியராகவே போற்றினார்.