ஒருவருக்கு மட்டும் திறக்கும் கதவு: ரால்ஃப் பஞ்ச்சின் வாழ்வும் நமக்கான பாடமும்

ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையை யார் வகுக்கிறார்கள் என்ற கேள்வியை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். நிலவுரிமைக்கும் இடஒதுக்கீட்டுக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் முறையான அமலாக்கத்துக்கும் போராடும் நமக்கு, தூதரகங்களும் ஐ.நா. அவையும் தொலைதூரத்து விவகாரங்களாகவே தோன்றுகின்றன. ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த ஒருவர் அந்த அவைகளுக்குள் நுழைந்தபோது எவை மாறின, எவை மாறவில்லை என்பதை அறிய, அமெரிக்கக் கறுப்பின அரசியல் அறிஞர் ரால்ஃப் பஞ்ச்சின் வாழ்க்கை நமக்கு உதவும்.

டெட்ராய்ட் நகரில் முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் பஞ்ச். 1917இல் தாயை இழந்த அவரை, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பாட்டி லூசி ஜான்சன் வளர்த்தார். உயர்நிலைப் பள்ளியில் முதல் மாணவராகத் தேறியும், நிறத்தின் காரணமாகச் சிறந்த மாணவர்களுக்கான கழகத்தில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. கல்லூரியில் துப்புரவுப் பணி செய்தபடியே படித்தார். ஹார்வர்டு செல்ல அவருடைய சமூகத்தினரே நிதி திரட்டிக் கொடுத்தனர். ஆப்பிரிக்காவில் பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சியை ஆராய்ந்து 1934இல் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் அரசியல் அறிவியலில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆப்பிரிக்கா குறித்த அவருடைய அறிவு அரசுக்குத் தேவைப்பட்டது. உளவு அமைப்பில் ஆய்வாளராகச் சேர்ந்த அவர், 1944இல் வெளியுறவுத் துறைக்குச் சென்றார். மறு ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் உருவானபோது, குடியேற்ற நாடுகள் தொடர்பான அத்தியாயங்களின் ஆக்கத்தில் பங்காற்றினார். தாம் ஆளும் பகுதிகளின் பொருளாதார, சமூக, கல்வி நிலை குறித்து ஆதிக்க நாடுகள் ஐ.நா.வுக்குத் தகவல் அளிக்க வேண்டும் என்று சாசனத்தின் 73ஆம் உறுப்பு பணிக்கிறது. உள்நாட்டு விவகாரம் என்று மூடி வைக்கப்பட்ட ஒடுக்குமுறையை உலகின் முன் விளக்கியாக வேண்டிய கடமை அதனால் பிறந்தது. சட்டம் பயின்ற நாம் இதன் எடையை உணர்வோம்.

1948 செப்டம்பரில் பாலஸ்தீனத்துக்கான ஐ.நா. நடுவர் பெர்னடாட் ஜெருசலேமில் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்பொறுப்பை ஏற்ற பஞ்ச், 1949இல் எகிப்து, லெபனான், ஜோர்டான், சிரியா ஆகிய நான்கு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் இடையே போர்நிறுத்த உடன்படிக்கைகளை உருவாக்கினார். 1950இல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். எனினும், வேரறுக்கப்பட்ட ஏறத்தாழ 7 லட்சம் பாலஸ்தீனர்கள் தம் மண்ணுக்குத் திரும்ப அந்த உடன்படிக்கைகள் வழிசெய்யவில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது.

அவரது புகழ் உச்சத்தில் இருந்த 1949இல், வெளியுறவுத் துறையில் உதவிச் செயலர் பதவியை ஏற்குமாறு குடியரசுத் தலைவர் ட்ரூமன் அழைத்தார். பஞ்ச் மறுத்தார். நிறப் பாகுபாடு கோலோச்சிய வாஷிங்டனில் தம் குடும்பத்தை மீண்டும் வாழவைக்க அவர் விரும்பவில்லை. 1954இல் அதே அரசு அவருடைய நாட்டுப்பற்றை விசாரித்து, பின்னர் குற்றமற்றவர் என்றது. 1959இல் நியூயார்க்கின் டென்னிஸ் கழகம் ஒன்று அவர் மகனுக்கு உறுப்புரிமை மறுத்தது. கண்டனம் எழுந்ததும் கழகம் இறங்கிவந்தது. தமது தனிப்பட்ட செல்வாக்குக்காக அளிக்கப்படும் விதிவிலக்கு சமத்துவம் ஆகாது என்று கருதி, அவர் அதை ஏற்கவில்லை. 1965இல், நோய்வாய்ப்பட்ட உடலோடு, செல்மாவிலிருந்து புறப்பட்ட பேரணியில் மார்ட்டின் லூதர் கிங்குடன் நடந்தார். 1971இல் மறைந்தார்.

அவரை வெறும் அலங்காரப் பொம்மையாகக் கண்ட கறுப்பினத் தலைவர்களும் இருந்தனர். அந்த விமர்சனத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. அதே வேளையில், 1936இல் தேசிய நீக்ரோ பேரவையைத் தோற்றுவித்தவர்களில் பஞ்ச்சும் ஒருவர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அவர் விலகிய பின்னர், 1946இல் அப்பேரவை ஐ.நா.வுக்கு ஒரு விண்ணப்பம் அளித்தது. அதன் படிகளைக் கேட்டே அண்ணல் அம்பேத்கர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார். தீண்டப்படாதோரும் அவ்வழியே ஐ.நா.வை நாட எண்ணியிருந்தனர்.

2001இல் டர்பனில் நடந்த இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியை விவாதப் பொருளாக்க இந்திய அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. வெளியுறவுப் பணியிலிருந்து உயர்ந்த தலித் ஒருவரான கே.ஆர். நாராயணன் அப்போது குடியரசுத் தலைவராக இருந்தார். அவருடைய உயர்வு நமக்குப் பெருமையே. ஆனால், நாட்டின் முகமாக நம்மவர் ஒருவர் நிற்பதாலேயே நாட்டின் கொள்கை மாறிவிடாது. மறு ஆண்டே, பிறப்பு அடிப்படையிலான பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று இனப்பாகுபாட்டு ஒழிப்புக்கான ஐ.நா. குழு தெளிவுபடுத்தியது. டர்பனுக்குத் திரண்டு சென்ற தலித் இயக்கங்களின் குரலுக்கு அதில் பங்குண்டு.

வெளியுறவுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் நம் மாணவர்களிடம் நாம் வேண்டுவது இதுவே: அந்த இருக்கையை உரிமையோடு அடையுங்கள். உங்களுக்கு மட்டும் கதவு திறக்கப்படும் நாளில், பஞ்ச் மறுத்ததை நினைவில் கொள்ளுங்கள்.